மணல் ஈ (பிளெபோடோமஸ் ஆர்ஜென்டிபெஸ்)

பிளெபோடோமஸ் ஆர்ஜென்டிபெஸ் என்பது இந்தியத் துணைக்கண்டத்தில் காணப்படும், குருதி உண்ணும் மிகச் சிறிய மணல் ஈ இனமாகும். ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உடைய இது கருங்காய்ச்சல் (காலா அசார்) எனும் நோயைப் பரப்புகிறது. 1908 ஆம் ஆண்டில் நெல்சன் அன்னண்டேல், என்ரிகோ புருனெட்டி ஆகிய இருவரும் இவ்வினத்தை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டனர். இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, இது பரப்பும் ஒட்டுண்ணி சென்னையில் காணப்பட்டுவிட்டது. ஆயினும் பரப்புவது இந்த ஈயே என்பதை மெய்ப்பிக்க 1942 வரை ஆயிற்று.

உடலமைப்பும் வாழ்முறையும்

ஆர்ஜென்டிபெஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு வெள்ளிக்கால் உடையது என்பது பொருள். கால்களில் காணப்படும் வெண்ணிற மினுமினுப்பே இப்பெயருக்குக் காரணம். உடலும் சிறகுகளும் மயிர் அடர்ந்தவை. அமர்ந்திருக்கும்போது சிறகுகளை மேல்நோக்கி உயர்த்தி வைத்திருப்பதைக் கொண்டு இதைக் கொசுவிலிருந்து எளிதில் வேறுபடுத்தலாம். நீண்ட தொலைவு பறக்க வல்லதன்று. தத்தித் தத்திச் செல்வது போலவே பறக்கும்.

பெண் ஈ மட்டுமே குருதி உண்ணும். மனிதரையும் மாட்டையும் இரவில் கடிக்கும். பகலில் சுவர் வெடிப்புகளிலும் மாட்டுத் தொழுவத்தின் இருண்ட மூலைகளிலும் ஒதுங்கியிருக்கும். கொசுவைப் போல இது நீரில் முட்டையிடுவதில்லை. மட்கிய பொருள்கள் கலந்த ஈர மண்ணிலேயே இதன் புழுக்கள் வளர்கின்றன. அவை மிக நுண்ணியவை என்பதால் மண்ணில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே, தேங்கிய நீரை அகற்றினால் கொசு குறைவதைப் போல இந்த ஈ குறைந்துவிடாது. சாதாரணக் கொசு வலையின் கண்களுக்குள்ளும் இது நுழைந்துவிடக் கூடியது.

சென்னையும் கருங்காய்ச்சலும்

துறைமுகத்தை ஒட்டி, ராயபுரத்துக்குத் தெற்கே அமைந்துள்ள ஜார்ஜ் டவுன் (பழைய கறுப்பர் நகரம்), இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்காய்ச்சல் நிலைகொண்டிருந்த பகுதியாகும். மாதக் கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், வயிற்றை அடைக்கும் அளவுக்குப் பெருத்த மண்ணீரல், உடல் மெலிவு ஆகியவை இதன் அறிகுறிகள். மருத்துவம் இல்லையேல் பெரும்பாலும் இறப்பிலேயே முடியும். இந்நோயாளிகள் மலேரியா நோயாளிகளாகவே கருதப்பட்டு வந்தனர்.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவான், இத்தகைய நோயாளிகளின் மண்ணீரலில் மலேரியாக் கிருமி அல்லாத வேறு நுண்ணுடல்களைக் கண்டு, 1903 சூலையில் வெளியிட்டார். இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் அதே ஆண்டு மே மாதம் இவற்றைப் பற்றி எழுதியிருந்தார். ரொனால்டு ராஸ் இருவரின் பெயரையும் இணைத்து, லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார்.

கிருமி தெரிந்தது; பரப்புவது எது என்பது தெரியவில்லை. சென்னையில் ஆய்வு செய்த பேட்டன் மூட்டைப்பூச்சியை ஐயுற்றார். மூட்டைப்பூச்சியின் குடலில் ஒட்டுண்ணி உருமாறுவதையும் அவர் கண்டதால் அந்த ஐயம் நெடுங்காலம் நீடித்தது. டோனவான் வேறொரு பெரிய குருதியுறிஞ்சிப் பூச்சியைக் கருதினார். அதே ஆண்டுகளில்தான் கல்கத்தாவில் அன்னண்டேலும் புருனெட்டியும் வெள்ளிக்கால் ஈயை விவரித்தனர். புருனெட்டி தொழிலால் இசைக்கலைஞர் என்பது குறிப்பிடத்தக்கது.

1920களில் ஜான் சின்டன், கருங்காய்ச்சல் உள்ள இடங்களும் இந்த ஈ வாழும் இடங்களும் ஒத்திருப்பதைச் சுட்டினார். 1924 இல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், சுமித் ஆகியோர் ஈயின் குடலில் ஒட்டுண்ணி பெருகுவதைக் கண்டனர். ஆனால் கடியின் மூலம் நோயை உண்டாக்கும் சோதனைகள் தொடர்ந்து தோல்வியுற்றன. தடை எதிர்பாராத இடத்தில் இருந்தது. நோய்க் குருதி உண்ட ஈக்களுக்கு அடுத்து உலர் திராட்சையின் சாற்றைக் கொடுத்தபோது, ஒட்டுண்ணிகள் பெருகி ஈயின் தொண்டையையே அடைத்துக்கொண்டன. இம்முறையைப் பின்பற்றி, சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் அசாமில் ஐந்து தன்னார்வலர்களுக்கு ஈக்கடியால் நோய் தொற்றுவதை 1942 இல் மெய்ப்பித்தனர்.

1950களில் மலேரியாவுக்காகத் தெளிக்கப்பட்ட டி.டி.டி. இந்த ஈயையும் ஒடுக்கியது. தெளிப்பு நின்ற பின் 1970களில் பீகாரில் நோய் மீண்டும் பரவியது. பீகார், சார்க்கண்டு, உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம் ஆகியவையே பிற்காலத்தில் நோய் நிலைத்த மாநிலங்கள்.

ஓர் இனமா, பல இனங்களா?

ஈ இருந்தும் நோய் இல்லாத பகுதிகள் பல உண்டு. இவ்வேறுபாடு, ஒரே பெயரின்கீழ் பல இனங்கள் மறைந்திருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பியது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை மையத்தைச் சேர்ந்த இளங்கோ, 2010 இல் இத்தொகுதியை மறுஆய்வு செய்து மூன்று இனங்களாகப் பிரித்தார். அவை: ஆர்ஜென்டிபெஸ், அன்னண்டேலை, கிளாக்கஸ். உணர்கொம்பின் துண்டுக்கும் அதன் மீதுள்ள உணர்மயிருக்கும் இடையிலான நீள விகிதம் இவற்றைப் பிரித்தறிய உதவும் பண்புகளுள் ஒன்று. வெறுங்கண்ணுக்கு மூன்றும் ஒன்றே போலிருக்கும். இலங்கையில் இதே டோனவானி ஒட்டுண்ணி பெரும்பாலும் தோல் நோயையே உண்டாக்குகிறது. அங்கு அதைப் பரப்புவதாகக் கருதப்படுவது கிளாக்கஸ் இனமாகும்.