கலமும் பாயும்: சாலை மாணவரின் இடம்

திருவனந்தபுரத்து வலியசாலைப் பெயரிலுள்ள ‘சாலை’ கல்விக்கூடத்தைக் குறிப்பது. காந்தளூர்ச் சாலை இருந்த இடம் இதுவென்பர். அதன் நெறியைப் பின்பற்றி, ஆய் வேந்தன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் பார்த்திவபுரத்தில் 95 சட்டர்க்கு ஒரு சாலை நிறுவினான். செப்பேடு மாணவர் இடங்களைக் ‘கலம்’ என்றே எண்ணுகிறது: பவிழியர்க்கு 45, தைத்திரீயர்க்கு 36, தலவகாரர்க்கு 14. உறைவிடத்தில் பணிப்பெண்களை வைத்திருத்தலையும் படைக்கலத்தோடு அவைக்கு வருதலையும் அது விலக்குகிறது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரனின் திருமுக்கூடல் கல்வெட்டோ, விடுதி மாணவர்க்குப் பாயும் இரவு விளக்கும் சனி நீராட்டுக்கு எண்ணெயும் ஒதுக்குகிறது.

முதலாம் இராசராசன் காந்தளூரில் ‘கலமறுத்த’ செய்தியைக் கப்பல்களின் அழிவாகவே பலர் கொண்டனர். பார்த்திவபுரச் செப்பேட்டின் வழக்கை ஏற்றால், அச்சொல் மாணவர்தம் உணவையும் உறையுளையும் சுட்டியிருத்தல் கூடும்.