குளோராம்பெனிக்கால் நிற அளவைப் பகுப்பாய்வு

குளோராம்பெனிக்கால் நிற அளவைப் பகுப்பாய்வு என்பது, மருந்துகளிலும் குருதி முதலிய உடல் நீர்மங்களிலும் உள்ள குளோராம்பெனிக்கால் என்னும் நுண்ணுயிர் எதிரியை நிறமுள்ள சேர்மமாக மாற்றி, அந்நிறத்தின் அடர்வைக் கொண்டு அதன் அளவைக் கணிக்கும் முறையாகும்.

தேவை

இம்மருந்து குருதி நீரில் ஒரு மில்லிலீட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருப்பது பயனளிக்கும். 25 மைக்ரோகிராமுக்கு மேல் நீடித்தால் எலும்பு மச்சையில் குருதி அணுக்களின் ஆக்கம் குறையக்கூடும்.

செய்முறை

1939 இல் பிராட்டன், மார்ஷல் ஆகியோர் சல்பா மருந்துகளை அளக்க வெளியிட்ட வினையே இதற்கும் அடிப்படை.

1. குருதி நீரிலுள்ள புரதங்கள் டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தால் வீழ்படிவாக்கி நீக்கப்படும்.
2. மருந்தின் நைட்ரோ தொகுதி, அமிலத்தில் துத்தநாகத் தூளால் அமினோ தொகுதியாக ஒடுக்கப்படும்.
3. குளிர்நிலையில் சோடியம் நைட்ரைட்டு சேர்க்க, டயசோனியம் உப்பு உருவாகும்.
4. எஞ்சிய நைட்ரைட்டு அம்மோனியம் சல்பமேட்டால் அழிக்கப்படும்.
5. நாப்தைல் எத்திலீன் டையமீன் சேர்த்தவுடன் செவ்வூதா நிற அசோ சாயம் தோன்றும்.

பீர்–லாம்பர்ட் விதிப்படி, ஒளி உட்கவர்தல் செறிவுக்கு நேர்விகிதத்தில் அமையும். இவ்வாறே வினைப்படுத்திய 20 மைக்ரோகிராம் திட்டக் கரைசல் 0.40 உட்கவர்தலும், மாதிரி 0.30 உட்கவர்தலும் காட்டினால், மாதிரியின் செறிவு 15 மைக்ரோகிராம் ஆகும்.

குறைபாடுகள்

கல்லீரலில் உருவாகும் செயலற்ற குளுக்குரோனைடு வடிவிலும் நைட்ரோ தொகுதி இருப்பதால், அதைப் பிரித்து நீக்காவிடில் முடிவு மிகைப்படும். வில்லை, குப்பி மருந்துகளில் இச்சிக்கல் இல்லை.

உணவில் எச்சங்கள்

கொங்கு நாட்டின் நாமக்கல் இந்தியாவின் முதன்மை முட்டை உற்பத்தி மையங்களுள் ஒன்று; இங்கிருந்து முட்டைகள் ஏற்றுமதியும் ஆகின்றன. எனவே மருந்து எச்சங்களை அறிதல் இப்பகுதிக்கு இன்றியமையாதது. குளோராம்பெனிக்காலால் அரிதாக ஏற்படும் கொடிய குருதிச்சோகை மருந்தின் அளவைச் சார்ந்ததன்று. ஆகவே உணவில் இதற்குப் பாதுகாப்பான வரம்பு வகுக்கப்படவில்லை. உணவுக்கான விலங்குகளுக்கு இதைப் பயன்படுத்துவதை இந்தியா 2025 இல் தடைசெய்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 நவம்பர் முதல், நடவடிக்கைக்கான அளவாகக் கிலோகிராமுக்கு 0.15 மைக்ரோகிராமைக் கொண்டுள்ளது. இது மேற்கண்ட எடுத்துக்காட்டின் செறிவில் ஏறத்தாழ ஓர் இலட்சத்தில் ஒரு பங்கு. அசோ சாய முறை இதைக் காட்டாது. முதற்கட்டச் சோதனைக்கு எலைசா பயன்படுகிறது. அதுவும் நிறத்தையே அளப்பினும், அதில் மருந்து மிகுந்தால் நிறம் குறையும். முடிவை உறுதிசெய்ய, நீர்ம வண்ணப்பிரிகையுடன் இணைந்த நிறை நிறமாலைமானி பயன்படுத்தப்படுகிறது.