ரம் தீவில் மான்கள் கர்ஜிக்கும் காலம்

ரம் என்றதும் வேறு ஏதோ நினைத்துவிட வேண்டாம்! ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஒரு தீவின் பெயர் அது. இலையுதிர்காலத்தில், குறிப்பாக அக்டோபர் மாதத்தில், அங்குள்ள செம்மான்களின் இனச்சேர்க்கைக் காலம் உச்சத்தில் இருக்கும். ஆண் மான்களின் கர்ஜனை மலையெங்கும் எதிரொலிக்கும்.

இந்தத் தீவில் முன்பு மனிதர்கள்தான் நிறைந்திருந்தார்கள். ஆட்டுப் பண்ணை அதிக லாபம் தரும் என்பதற்காக, 1826-ல் சுமார் 300 பேரைக் கப்பலேற்றி கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1845-ல் தீவை வாங்கிய சாலிஸ்பரி பிரபு, வேட்டைக்காக மான்களைக் கொண்டுவந்து விட்டார். 1888-ல் வாங்கிய புல்லோ குடும்பம் நெசவு இயந்திரத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தது. அவர்களுக்கும் இந்தத் தீவு வேட்டைக்களம்தான்.

1957-ல் தீவு அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் கைக்கு வந்தது. 1970-களின் தொடக்கத்தில் கில்மோரி பள்ளத்தாக்கில் மான்களைச் சுடுவது நிறுத்தப்பட்டது. துப்பாக்கி இருந்த இடத்துக்கு தொலைநோக்கியும் நோட்டுப்புத்தகமும் வந்தன. ஒவ்வொரு மானையும் ஆய்வாளர்கள் தனித்தனியே அடையாளம் கண்டு, எந்த ஆண் எத்தனை பெண் மான்களைக் காத்து நிற்கிறது என்று நாள்தோறும் குறித்து வைத்தார்கள்.

அப்போதுதான் கர்ஜனையின் அர்த்தம் புரிந்தது. கிளட்டன்-பிராக், ஆல்பன் இருவரும் 1979-ல் அதை விளக்கினார்கள். இரண்டு ஆண் மான்கள் முதலில் மாறி மாறிக் கர்ஜிக்கும். பலம் குறைந்தது பெரும்பாலும் அத்துடன் விலகிவிடும். விலகாவிட்டால் இரண்டும் பக்கம் பக்கமாக நடந்து ஒன்றையொன்று எடை போடும். கொம்புகள் மோதுவது கடைசியில்தான். விடாமல் கர்ஜிக்க உடலில் தெம்பு வேண்டும். கையிருப்பு இல்லாமல் பகட்டு காட்ட முடியாத கணக்கு இது! சரியாக மேயாமல் காவல் நிற்பதால் ஆண் மான்கள் சில வாரங்களிலேயே உடல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கின்றன.

பல பத்தாண்டுகள் எழுதிய அந்தக் குறிப்புகள் இன்னொன்றையும் காட்டின. 1980-களைவிட இப்போது குட்டிகள் முன்னதாகவே பிறக்கின்றன. வெப்பம் கூடியது ஒரு காரணம், மரபணு மாற்றமும் அதில் சேர்ந்திருக்கிறது என்று 2019-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஒரு மானைச் சுட ஒரு நொடி போதும். இதைத் தெரிந்துகொள்ள நாற்பது ஆண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

கில்மோரியில் இன்று ஒவ்வொரு குட்டியின் பிறப்பும் பதிவாகிறது. அதே பள்ளத்தாக்கில், ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்களின் வீட்டுச் சுவர்கள் இடிந்து கிடக்கின்றன. மான்களைப் பார்க்கப் போகிறவர்கள் அவற்றையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்...