ஒம்மட்டிடியம்: ஒலியும் அசையும்

உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பியர், தும்பியை நாலறிவுயிருள் அடக்கினார். உறுதல், சுவைத்தல், மோத்தல் ஆகியவற்றின்மேல் நான்காவதாக அவர் கொண்டது கண்ணறிவு. அக்கண்ணை இன்றைய பூச்சியியலார் கூட்டுக்கண் என்பர். அதன்கண் அடங்கிய நுண்கண் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வழங்கும் கிரேக்கப் பெயரைத் தமிழில் எழுதுமாறு யாங்ஙனம் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கண்ணைக் குறிக்கும் 'ஒம்மட்' என்னும் அடியும், சிறுமை உணர்த்தும் விகுதியும் கூடி, இலத்தீன வடிவில் 'இடியம்' என முடிந்தது அப்பெயர். அதனை ஒம்மடிடியம் என்றும், ஒம்மட்டிடியம் என்றும் இருவகையாக எழுதல் கூடும். இவற்றுள் ஏற்புடையது யாது?

தமிழ் வல்லெழுத்துச் சொன்முதலிலும் இரட்டித்த இடத்தும் வல்லொலியாகவும், உயிர்களிடையே தனித்து நின்றவழி நெகிழ்ந்தும் ஒலிக்கும் என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்துள் விளக்கினார். பட்டம், படம் என்னும் சொற்களை ஒலித்துப் பார்ப்பார்க்கு இது புலனாம். மூலச்சொல்லின் முதல் டகரம் வல்லொலி. அடுத்தது நெகிழ்ந்த ஒலி. ஆகவே முன்னது இரட்டித்தும் பின்னது தனித்தும் நிற்றலே முறை.

அசை பிரிப்பினும் இம்முடிபே வலியுறும். தனி டகரத்தால் எழுதின், ஒம்-மடி-டியம் என அசை பிரியும். அடியின் ஈறும் விகுதியின் முதலும் 'மடி' என ஒன்றாய்க் கலந்துவிடும். இரட்டித்து எழுதின், ஒம்-மட்-டிடி-யம் எனப் பிரிந்து, 'ஒம்மட்' என்னும் அடி தெளிவுற நிற்கும். ஆங்கிலர் மூன்றாம் அசையை அழுத்தி ஒலிப்பர். அவ்வழுத்தத்தைத் தமிழெழுத்துக் காட்டாது. எனினும் சொல்லின் பிறப்பைக் காட்டுகின்றது.

இஃது எழுத்தாராய்ச்சி அளவில் அமைவதன்று. 1901இல் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவினார். 1916இல் சேலத்தில் அறிவியற் சொல்லாக்கத்திற்கென ஒரு சங்கம் தோன்றியது. மதுரையில் வேளாண்மைக் கல்லூரி 1965இலும் பல்கலைக்கழகம் 1966இலும் எழுந்தன. மேலூர், உசிலம்பட்டிப் பகுதிகளிலிருந்து தமிழ்வழி பயின்று வரும் மாணவர், பாடநூலில் கண்டவாறே சொல்லை ஒலிப்பர். ஒலி திரியின், அயல்மொழி அகராதியில் அச்சொல்லைத் தேடிக் காணவும் அவர்க்கு இயலாது.

பாடத்துள் நுண்கண் என ஆளுதலே நன்று. கிரேக்கப் பெயரையும் உடன் காட்ட வேண்டின், ஒம்மட்டிடியம் என எழுதுதலே பொருத்தமுடைத்து என்பது நம் துணிபு.