தாயம் (ஆட்டத் தொடக்கமும் ஆட்ட வரிசையும்)

தாயம்: இருவர் முதல் நால்வர் வரை தரையில் கட்டம் வரைந்து ஆடும் நாட்டார் விளையாட்டு, தாயக்கட்டம் என்றும் கூறுவர். திண்டுக்கல் மாவட்டம் உட்படத் தமிழகம் எங்கும் ஆடப்படுகிறது.

கருவி: நான்கு பக்கங்கள் கொண்ட இரண்டு நீண்ட பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை. மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். கட்டை இல்லாதபோது சோழியோ, ஒரு புறம் தேய்த்த புளியங்கொட்டையோ பயன்படும்.

இறங்குதல்: காயைக் கட்டத்தில் இறக்கத் தாயம், அதாவது கூட்டுத்தொகை 1, விழ வேண்டும். கட்டைகள் விழக்கூடிய 16 வகைகளில் இரண்டு மட்டுமே தாயம் தரும்; வாய்ப்பு எட்டில் ஒன்று. எனவே முதலில் உருட்டியவரே முதலில் இறங்குவார் என்பதில்லை.

மறு ஆட்டம்: 1, 5, 6, 12 விழுந்தால் அவரே மீண்டும் உருட்டுவார். இரு வெறுமையும் சேர்ந்தால் 12. எதிரியின் காயை வெட்டினாலும் மறு ஆட்டம் உண்டு. விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறும்.

ஒப்பீடு: 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் கதாபாத்திர விளையாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், சண்டை தொடங்கும்போது ஒவ்வொருவரும் 20 பக்கப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் சுறுசுறுப்புக்கு உரிய எண்ணைச் சேர்ப்பர்; கூடுதல் பெற்றவர் முதலில் செயல்படுவார். அவ்வரிசை சண்டை முடியும்வரை நீடிக்கும். தாயத்தில் ஆட்டக்காரரின் திறனுக்கு இத்தகைய கூடுதல் எண் இல்லை; இறங்குவது முழுக்கக் கட்டையின் கையில் உள்ளது.