கோளாறு எண் வேப்பந்தட்டைக்கு வந்த வழி

கார் எஞ்சினின் கோளாறை எண்ணாகச் சொல்லும் ஏற்பாடு, புகையை அடக்கும் சட்டத்திலிருந்து பிறந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய கலிஃபோர்னியா, 1988ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து ஒரு விதியைக் கொண்டுவந்தது. எஞ்சினை நடத்தும் கணினியே தன் பழுதைக் கண்டறிந்து டாஷ்போர்டில் விளக்கை எரியவிட வேண்டும். ஆனால் அந்தப் பழுதைப் படிக்கும் கருவியை மாட்டும் சாக்கெட்டும் எண்ணும் கம்பெனிக்குக் கம்பெனி மாறின. 1996இல் அமெரிக்கா முழுவதும் கட்டாயமான இரண்டாம் கட்ட விதிதான் 16 பின் கொண்ட ஒரே சாக்கெட்டையும் பொதுவான எண்களையும் தந்தது.

திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் உருவானது 1995இல். அப்போது அந்த மாவட்டத்தின் வேப்பந்தட்டைப் பக்கம் ஓடிய அம்பாசிடருக்கும் டீசல் ஜீப்புக்கும் கணினியே கிடையாது. மெக்கானிக் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. டீசல் எஞ்சின் மிஸ்ஸிங் ஆனால், ஓடும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப்பின் நட்டை மாற்றி மாற்றித் தளர்த்துவார். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. ஸ்பேனரைத் தவிர வேறு கருவி இல்லாமல் செய்த துல்லியமான பரிசோதனை அது.

இந்தியாவில் 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4) என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு மட்டும் வந்தது. கோளாறைத் தானே கண்டறியும் ஏற்பாடும் அதோடு சேர்ந்தே வந்தது. மற்ற ஊர்களுக்கு பி.எஸ். 3 போதும் என்று இருந்தது. டி.என். 46 என்று பதிவாகும் பெரம்பலூர் வண்டிகளுக்கு இந்த ஏற்பாடு கட்டாயமானது, பி.எஸ். 4 நாடு முழுவதற்கும் விரிந்த 2017 ஏப்ரல் 1இல்தான். அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 29 அன்று, பி.எஸ். 3 வண்டிகளை அந்தத் தேதிக்குப் பின் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே மாநிலத்துக்குள் ஏழு ஆண்டு இடைவெளி. இடைப்பட்ட காலத்தில் கணினி உள்ள கார்கள் ஊருக்குள் வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றை முழுதாகப் படிக்கும் ஸ்கேனர் பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே இருந்தது. மலிவான புளூடூத் கருவியும் செல்போன் ஆப்பும் வந்த பிறகே சிறு பட்டறைகளுக்கு அந்த எண்கள் எட்டின.

எண் கையில் கிடைத்ததும் பாகத்தை மாற்றிவிடுவது பெரிய தவறு. எண் சொல்வது அறிகுறியை மட்டுமே. 'பி0301' என்றால் முதல் சிலிண்டரில் சரியாக எரியவில்லை என்று பொருள். காரணம் காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா என்பது அதில் இல்லை. முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை முதலிலும் மாட்டி ஓட்ட வேண்டும். எண் 'பி0302' என்று மாறினால் காயில்தான் கெட்டிருக்கிறது. மாறாவிட்டால் பிளக்கை இதே முறையில் சோதிக்கலாம். 'பி0171' காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்கிறது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றிப் பணத்தை இழந்தவர்கள் பலர்; வெடித்த ரப்பர் ஹோஸ் வழியே காற்று புகுந்தாலும் இதே எண்தான் வரும். எண்ணை அழிப்பதற்கு முன் குறித்துவைப்பதும் அவசியம். கோளாறு நேர்ந்த கணத்தில் எஞ்சின் எவ்வளவு சூட்டில், எந்த வேகத்தில் இருந்தது என்ற பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதியால் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரி வடிகட்டி சேர்ந்தது. சேரும் கரி எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். கடைத்தெருவுக்கும் வயலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அந்தச் சூடு ஏறாது. வடிகட்டி அடைத்து 'பி2463' எழும். தொடக்கத்திலேயே கவனித்தால், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் நிற்காமல் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட்டினாலே பெரும்பாலும் கரி எரிந்துவிடும். அடைப்பு முற்றினால் ஸ்கேனர் மூலம் கட்டளை கொடுத்துப் பட்டறையில் எரிக்க வேண்டும். எண்ணை மட்டும் அழித்தால் கரி அங்கேயே கிடக்கும், விளக்கு திரும்ப எரியும்.