இடம்பெயர்ந்த சுரப்பியின் சரித்திரம்

குரல்வளைக்குச் சற்றுக் கீழே ஸ்வாசக் குழாயைத் தழுவிக் கிடக்கும் தைராய்டு என்னும் சிறு சுரப்பியில் பிறந்த கட்டி, சரீரத்தின் தூர அவயவங்களை எவ்வாறு சென்றடைகிறது என்ற விசாரணையில், பிரேஸ்லோ நகரத்துப் பேராசிரியர் யூலியுஸ் கோன்ஹைம் 1876-ல் வெளியிட்ட கட்டுரைக்குத் தனி ஸ்தானம் உண்டு. சாதாரணக் கழுத்துக் கழலை என்றே தோன்றிய ஒன்றிலிருந்து கிளம்பி வேறு அவயவங்களில் முளைத்திருந்த கட்டிகளை அவர் சோதித்தபோது, புகுந்த வீட்டிலும் பிறந்தகத்து வழக்கத்தை விடாதவர்போல, அவற்றின் ஜீவ அணுக்கள் அங்கேயும் தைராய்டுக்கே உரிய பசைத் திரவத்தைச் சேர்த்துவைத்திருக்கக் கண்டார்.

இதைவிட என் மனத்தை உருக்குவது, ஆஸ்திரிய ரண வைத்தியர் ஆன்டன் ஃபான் ஐசெல்ஸ்பெர்க் 1890-களில் எழுதிவைத்த விருத்தாந்தம். புற்றுக்காகச் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டு, அதன் ரசம் இல்லாமையால் க்ஷீணித்த ஒரு நோயாளி, மார்பெலும்பில் கட்டி ஒன்று வளர வளரத் தேறினார்; அக்கட்டியையும் அறுத்தெடுத்த பிறகு பழைய துன்பம் திரும்பியது. உயிரைக் குடிக்க வந்த வியாதியே அதுவரை அவ்வுயிரைப் போஷித்தும் வந்திருக்கிறது!

ரத்தத்தின் வழியே நுரையீரலுக்கும் எலும்புக்கும் செல்வது ஃபாலிகுலர் என்ற வகையின் சுபாவம். பாப்பில்லரி வகையோ பெரும்பாலும் நிணநீர் வழியே கழுத்துக் கணுக்களில் தங்கும். இந்தக் கணுக்களைக் கருவிலேயே வழிதவறிய சுரப்பித் துண்டுகள் என்று வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்.

நியூயார்க்கின் மான்டிஃபியோர் ஆஸ்பத்திரியில், சுரப்பியைப் பல்லாண்டுகளுக்கு முன்பே இழந்தும் அதன் ரசம் மிகுந்ததற்குரிய லக்ஷணங்களோடு வந்த ஒருவருக்கு, பரவிய கட்டிகளே அதைச் சுரக்கின்றன என்று கண்டு, சாமுவேல் ஸைட்லின் 1943-ல் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார். தைராய்டு அயோடினை நாடும். அந்த நாட்டத்தை மறவாத அணுக்கள், எங்கே ஒளிந்திருப்பினும், தம்மை அழிக்கும் மருந்தைத் தாமே இழுத்துக்கொண்டன.

ஆனால் மிகக் கொடிய அனாப்பிளாஸ்டிக் வகை அந்தப் பூர்வ வாசனையையே இழந்துவிடுகிறது. அயோடினை ஏற்காமல், சில வாரங்களிலேயே பருத்து, ஸ்வாசக் குழாயையும் உணவுக் குழாயையும் ஊடுருவி நெரிக்கும் அது, கண்டுபிடிக்கப்படும்போதே பலருக்கு நுரையீரலை எட்டியிருக்கிறது. பிறகு எஞ்சுவது பெரும்பாலும் சில மாதங்களே. அவ்வளவு கொடிதல்லாத வகைகளிலும் சில, பரவப் பரவ அயோடினை மறப்பதுண்டு. அத்தகைய இருபது பேருக்கு, அதே நியூயார்க்கில், மறந்ததை நினைவூட்டும் நோக்கத்தோடு செலுமெட்டினிப் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2013-ல் வெளியாயிற்று. பன்னிருவரின் கட்டிகள் மீண்டும் அயோடினைக் கூடுதலாக ஏற்றன. அவர்களில் எண்மருக்கு, ஸைட்லின் கொடுத்த அதே சிகிச்சையைக் கொடுக்க முடிந்தது.